ஆடுகூட மேயாத செடி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதத்தில் ஆரம்பித்து தீபாவளிக்குப் பிறகும் நீண்ட கதை இது. நாங்கள் மயிலாப்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். என் கணவர் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் அப்போது முப்பது வருடமாக நின்றுகொண்டிருந்தார். ‘வேலை பார்த்தார்’ என்பதைவிட ‘நின்றார்’ என்று சொல்வதுதான் சரி. வாடிக்கையாளருக்கு நாற்காலி உண்டு, விற்கிறவருக்குக் கிடையாது.

அவரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிப் பக்கத்து சைவக் குடும்பம். எண்பது புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, “கலர் பிடிக்கலை” என்று ஒன்றுகூட எடுக்காமல் எழுந்து போகிறவர்களிடம்கூட “அடுத்த தடவை வாங்கம்மா” என்று சிரித்த முகமாகச் சொல்லும் மனுஷன். நான் அதற்கு நேர் எதிர். எனக்கு வாயும் அதிகம், அவசரமும் அதிகம். ஒரு கரண்டி நெய் நல்லதென்றால் மூன்று கரண்டி ஊற்றுவேன். எங்கள் வீட்டில் யாருக்குத் தும்மல் வந்தாலும் நான்தான் முதல் டாக்டர்.

அந்த வருடம் ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் நின்றதில் அவருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. என்னோடு காலையில் பூங்காவில் நடக்கிற தோழி ஒருத்தி, தேள்கொடுக்கு இலையை வதக்கிக் கட்டினால் மூட்டு வலி, வீக்கம் எல்லாம் குறையும் என்றாள். செல்போனில் படமும் காட்டினாள். இலை சொரசொரவென்று இருக்கும். பூங்கொத்து தேளின் கொடுக்கு மாதிரி நுனியில் சுருண்டிருக்கும். பார்த்தால், எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் மழைத் தண்ணீர் தேங்கிய இடமெல்லாம் அதே செடிதான்! கடவுளே கொண்டு வந்து வளர்த்து வைத்திருக்கிறார் என்று பூரித்துப் போனேன்.

ஒரு வாரம் வதக்கிக் கட்டினேன். வலி கொஞ்சம் குறைந்தது என்றார். அத்தோடு நின்றிருக்க வேண்டும். என் புத்தி சும்மா இருக்குமா? மேலே கட்டினதற்கே இவ்வளவு கேட்கிறது என்றால் உள்ளே போனால் எப்படிக் கேட்கும் என்று கணக்குப் போட்டேன். யாரும் சொல்லவில்லை, எங்கேயும் படிக்கவில்லை, முழுக்க முழுக்க என் சொந்தக் கண்டுபிடிப்பு. இலையை மொட்டைமாடியில் உலர்த்தி, பொடித்து, மிளகு சீரகம் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து, கருப்பட்டி சேர்த்து, காலையில் ஒரு டம்ளர், கடையிலிருந்து வந்ததும் ஒரு டம்ளர். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடிப்பார். வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

புரட்டாசி முடியும்போது அவருக்குச் சட்டைப் பித்தான் போடக் கஷ்டமாக இருந்தது. “கடை கேன்டீன்ல போண்டா அதிகமா போகுதோ?” என்று கிண்டல் செய்தேன். சாப்பாடோ குறைந்துகொண்டே வந்தது, வயிறோ கூடிக்கொண்டே போனது. வலது விலாவுக்குக் கீழே கனமாக வலிக்கிறது என்றார். வாயுவாக இருக்கும் என்று நான் கஷாயத்தில் பெருங்காயத்தையும் சேர்த்தேன். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது கண் மஞ்சளாகத் தெரிந்தது. தெருமுனை டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, “லிவர் வீங்கியிருக்கு, வயித்துல தண்ணி கோத்திருக்கு. குடிப்பழக்கம் உண்டா?” என்று கேட்டார்.

இவர் இல்லை என்றார். அந்த டாக்டர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு ஆயிரம் சந்தேகம் முளைத்துவிட்டது. தீபாவளி நேரம், கடை மூடிவிட்டு வர லேட்டாகிறது. கூட வேலை பார்க்கிற இரண்டு பேர் குடிப்பவர்கள். லிவர் என்றால் குடி, குடி என்றால் லிவர். எனக்கு அதற்கு மேல் எதுவும் தெரியாது. வீட்டுக்கு வந்து ஆடித் தீர்த்துவிட்டேன். மறுநாள் காலையில் அவரை அம்மன் கோயிலுக்கு இழுத்துப் போய், சன்னிதிக்கு எதிரே கற்பூரத்தை ஏற்றி, அடித்துச் சத்தியம் பண்ணச் சொன்னேன். ஒரு ஆள் பிரசாதத் தொன்னையோடு நின்று வேடிக்கை பார்த்தார். இவர் அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு மெதுவாகக் குனிந்து, கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்தார். அப்போதும் நான் முழுசாக நம்பவில்லை என்பதை இன்று வெட்கத்தோடு எழுதுகிறேன்.

இரண்டே நாளில் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கே வந்த ஒவ்வொரு டாக்டரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா? நானும் ஒவ்வொருவரிடமும் இல்லை என்றே சொன்னேன். பொய் சொல்ல நினைக்கவே இல்லை. மாத்திரையும் ஊசியும்தானே மருந்து? கஷாயம் கஷாயம்தானே? அது என் மனதில் ரசம், மோர் இருக்கிற அலமாரியில் இருந்தது. அதனால் அதை நிறுத்தவும் தோன்றவில்லை. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரும்போதெல்லாம் ஒரு பிளாஸ்க்கில் ஊற்றி எடுத்து வந்து கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரியில் இருக்கும்போது உடம்புக்குக் கூடுதல் தெம்பு வேண்டாமா என்று நினைப்பு.

பக்கத்துக் கட்டிலில் நாற்பது வயதுக்காரர் ஒருவர். அவருக்கும் வயிறு பானை மாதிரி, கண் மஞ்சள். அவருக்கு நிஜமாகவே குடி. அவரைப் பார்த்துக்கொள்ள அவருடைய அக்கா இருந்தார். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவர். என் வயதுதான் இருக்கும். குரல் வார்டு முழுக்கக் கேட்கும். சேலையில் மீன் வாடை. நான் என் ஸ்டூலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டேன். அவர் டீ வாங்கி வந்து நீட்டினால், வேண்டாம் என்று சொல்வேன். நான் வீட்டுக்குப் போன நேரங்களில் என் கணவரைக் கைத்தாங்கலாக பாத்ரூம் வாசல் வரை கூட்டிப் போய், காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட்டது இந்த அம்மாதான். அது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நான்காம் நாள் மத்தியானம். பிளாஸ்க்கைத் திறந்து டம்ளரில் ஊற்றினேன். அந்த அம்மா மூக்கை உறிஞ்சினார்.

“இன்னாமா அது, ஒரு மாதிரி வாசன வருது?”

பேச்சை முடிக்க வேண்டுமே என்று, மூட்டு வலிக்குத் தேள்கொடுக்குக் கஷாயம் என்றேன். அவர் கட்டிலைச் சுற்றிக்கொண்டு நேராக என் முன்னால் வந்து நின்றார்.

“தேள்கொடுக்கா? எங்க ஆத்தோரம் முளைச்சிக் கீதே, அதுவா? அத்த வீக்கத்துக்கு அரைச்சி மேல போடுவோம்மா. யாரும் வாயில வைக்க மாட்டாங்கோ. ஆடுகூட அத்த மேயாது. எத்தினி நாளா குட்சிக்கினு கீறாரு?”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மீன்காரம்மா எனக்கு வைத்தியம் சொல்வதா? எங்களுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு டம்ளரை என் கணவரின் வாயருகே கொண்டு போனேன். விறுவிறுவென்று வெளியே போன அந்த அம்மா, இரண்டு நிமிடத்தில் டூட்டி டாக்டரைக் கையோடு கூட்டி வந்துவிட்டார். டாக்டர் சின்னப் பெண். தூக்கம் போதாத கண்.

“டாக்டரம்மா, இந்தம்மா அவருக்கு ஏதோ செடியக் காய்ச்சிக் குடுத்துக்கினு கீது. பிளாஸ்க்குல கீது பாரு.”

வார்டே எங்களைத் திரும்பிப் பார்த்தது. அது வெறும் கஷாயம்தான் என்று முனகினேன். டாக்டர் பிளாஸ்க்கை வாங்கி முகர்ந்தார். எந்தச் செடி, எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் தூக்கம் கலைந்துகொண்டே வந்தது. பிளாஸ்க்கை என்னிடம் திருப்பித் தரவில்லை. கையில் எடுத்துக்கொண்டு வேகமாகப் போனார்.

அவர் போனதும் நான் அந்த அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். “உங்க தம்பி குடிச்சுக் கெட்டுப்போனதுக்கு எங்க குடும்பத்து மேல ஏன் பாயறீங்க?” இந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. அந்தத் தம்பிக்கும் கேட்டிருக்கும். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த அம்மா பதிலுக்குக் கத்தவில்லை. “திட்டிக்கோமா. அத்த மட்டும் குடுக்காத” என்றார். அவ்வளவுதான்.

சாயங்காலத்துக்குள் பெரிய டாக்டர்கள் வந்தார்கள். செடியைக் கொண்டு வரச் சொன்னார்கள். காலி மனைக்கு ஓடி, வேரோடு பிடுங்கி ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துப் போனேன். திரும்பி வருகிற வழியெல்லாம் ஆட்டோவில் அந்தப் பையைக் காலுக்குக் கீழே தள்ளித் தள்ளி வைத்தேன். மடியில் வைத்துக்கொள்ளக் கை வரவில்லை. மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்து நரம்பு வழியாக ஒரு குழாயை இறக்கி, ஈரலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். சந்தேகமே இல்லை என்றார்கள். அந்தச் செடியின் விஷம்தான்.

அந்தச் சின்ன டாக்டர்தான் எங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு, ஸ்கேன் உறையின் பின்பக்கத்தில் பேனாவால் படம் போட்டு விளக்கினார். ஈரலுக்குள் தலைமுடியைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள் லட்சக்கணக்கில் ஓடுகின்றனவாம். ஒவ்வொன்றின் உள்சுவரிலும் ஒரே ஒரு அடுக்கு செல்கள் பாய் விரித்த மாதிரிப் படுத்திருக்கும். அவற்றில் சல்லடை போலப் பொடி ஓட்டைகள். ரத்தத்தில் இருக்கும் நல்லது கெட்டது எல்லாம் அந்த ஓட்டை வழியாகத்தான் ஈரலுக்குப் போகவேண்டும், வரவேண்டும். நான் கொடுத்த செடியின் விஷம் முதலில் தாக்கியது அந்த உள்சுவர்ச் செல்களைத்தான். அவை வீங்கி, உரிந்து, அந்தக் குட்டிக் குழாய்களையே அடைத்துவிட்டன. ரத்தம் போக வழியில்லாமல் ஈரல் வீங்கியது. கசிந்த தண்ணீர்தான் வயிற்றில் சேர்ந்தது.

என் கணவர் அந்த நிலைமையிலும் படத்தை உற்றுப் பார்த்தார். “பிளவுசுக்கு லைனிங் குடுக்கிற மாதிரியா டாக்டர்?”

டாக்டர் சிரித்துவிட்டார். “அதேதான் சார். ஆனா உங்க லைனிங் சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கும். இது பேசும். இது நல்லா இருந்தா பக்கத்துல இருக்கிற ஈரல் செல்லுங்களை ‘வளருங்க’ன்னு சொல்லும். தொடர்ந்து அடிபட்டா ஈரல்ல தழும்பு விழ விட்டுடும். விஷம் நின்னா அது திரும்ப முளைக்க வாய்ப்பு இருக்கு. அது முளைச்சாதான் ஈரலும் தேறும்.”

குடிப்பவர்களுக்கு மட்டும்தான் இப்படி ஆகும் என்று நினைத்தேனே என்று கேட்டேன். குடியில் ஈரல் கெடும் வழி வேறு என்றாலும், அங்கேயும் இந்த உள்சுவர் கெட்டுப்போவதற்குப் பங்கு உண்டு என்றார். சொல்லிவிட்டு அவர் கண் ஒரு நொடி பக்கத்துக் கட்டிலுக்குப் போனது. நானும் பார்த்தேன். நான் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த கட்டில். உள்ளே இரண்டு பேருக்கும் உரிந்துகொண்டிருந்தது ஒரே சுவர்.

பிழைப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். இன்னும் ஒரு வாரம் தொடர்ந்து குடித்திருந்தால் நான் இந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டியிருந்திருக்காது என்றார். வயிற்றில் ஊசி போட்டுத் தண்ணீரை எடுத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஊசி, சிறுநீர் போக மாத்திரை, உப்பில்லாச் சாப்பாடு. முதல் நான்கு நாள் ஒரு முன்னேற்றமும் இல்லை. ஐந்தாம் நாள் காலையில் நர்ஸ் எடை பார்த்து, ஒன்றரை கிலோ இறங்கியிருக்கிறது என்றார். மனுஷன் எடை குறைந்ததற்கு ஒருத்தி தரையில் உட்கார்ந்து அழுததை அந்த வார்டு அன்றுதான் பார்த்திருக்கும்.

இதற்கு நடுவில் என் தோழிகளுக்கெல்லாம் போன் போட்டேன். இரண்டு பேருக்கு அந்தப் பொடியை நான் பாட்டிலில் போட்டுக் கொடுத்திருந்தேன்! நல்ல வேளை, ஒருத்தி கசப்பு பயத்தில் தொடவே இல்லை, இன்னொருத்தி பாட்டில் எங்கே என்றே மறந்திருந்தாள். என் வாழ்க்கையில் மற்றவர்களின் சோம்பேறித்தனத்துக்கு நான் நன்றி சொன்னது அன்றுதான்.

அவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பதென்று தெரியாமல் ஒரு நாள் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். காலை உருவிக்கொண்டார். “ஏளா, என்ன இது, எந்திரி. கசக்குன்னு தெரிஞ்சும் குடிச்சவன் நான்தானே. நானும் டாக்டர்ட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கணும்லா?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “கஷாயம் பரவால்ல. அந்தக் கற்பூரம்தான் கொஞ்சம் சுட்டுட்டு.” முப்பது வருடக் குடித்தனத்தில் அவர் என்னைக் குறை சொன்ன ஒரே வாக்கியம் அது. எனக்கு அது போதும், சாகும்வரை.

பக்கத்துக் கட்டில்காரரை இதற்குள் வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். நான் சாப்பாடு வாங்கப் போயிருந்த நேரத்தில் மாற்றியிருந்தார்கள். அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொன்னால், தேடிப் போயிருக்கலாம். முகத்தைக் காட்டத் தைரியம் இல்லை.

நாங்கள் வீடு திரும்பி, அவர் மறுபடி கடைக்குப் போக ஆரம்பித்தது பொங்கலுக்குப் பிறகு. முதலாளி இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் பில் சரிபார்க்கிற வேலை கொடுத்து உட்காரவைத்திருக்கிறார். மாசி மாதம் ஒரு நாள் காலை, பூவும் பழமும் எடுத்துக்கொண்டு பட்டினப்பாக்கம் மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். பிறந்ததிலிருந்து மீன் பக்கமே போகாதவள். தரையெல்லாம் தண்ணீர், செதில், ஐஸ் கட்டி. யார் பெயரைச் சொல்லி விசாரிப்பது? பத்து நாளுக்கு மேல் ஒரு கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தும் நான் அவர் பெயரைக் கேட்டதில்லை. கடை கடையாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கடைசியில் குரல்தான் காட்டிக் கொடுத்தது. ஒருவரோடு வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார். “வாம்மா! சாரு எப்டி கீறாரு?”

அவர் நன்றாக இருக்கிறார், கடைக்குப் போகிறார் என்றேன். “அப்பாடா!” என்று சொந்த மனுஷருக்குச் சொல்வது போலச் சந்தோஷப்பட்டார். நான் அன்று பேசினதற்கு மன்னிப்புக் கேட்டேன். “வுடுமா. உன் எடத்துல நான் இருந்தா கையே நீட்டியிருப்பேன்” என்று சிரித்தார். பிறகுதான் எனக்கு நாக்கு வந்தது. தம்பி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“அவன் பூட்டாம்மா. வேற வார்டுக்கு மாத்தினாங்கல்ல, அப்பறம் எட்டே நாளு.” சொல்லிக்கொண்டே ஐஸை மீன் மேல் தள்ளினார். “எவ்ளோ சொல்லிப் பாத்தேன், கேக்கல. நீயாவது கேட்டுக்கினியே.”

நான் எங்கே கேட்டேன்? அவர் சொன்னபோது கேட்கவில்லையே. ஆனால் அதை அந்த இடத்தில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் தம்பியைக் காப்பாற்ற முடியாத வார்த்தை என் புருஷனைக் காப்பாற்றியது என்பதில் அவருக்கு ஏதோ ஓர் ஆறுதல் இருந்தது போலத் தெரிந்தது. அதை நான் எடுத்துவிடக் கூடாது என்று தோன்றியது. கொண்டுபோன பூவை நீட்டினேன். சேலையில் கையைத் துடைத்துத் துடைத்து, ஈரமாக இருக்கிறது என்று தயங்கினார். நானே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். ஐஸில் வேலை செய்த கை, சில்லென்று இருந்தது. ரொம்ப நேரம் விடவில்லை.

இப்போது மாதம் ஒரு தடவையாவது போய் ஐந்து நிமிடம் அவர் கடையோரம் நின்று பேசிவிட்டு வருகிறேன். மீன் வாங்காமல் வந்து நின்று பேசிவிட்டுப் போகிற ஒரே ஆள் நான்தான் என்று பக்கத்துக் கடைக்காரர்களிடம் சொல்லிச் சிரிக்கிறார். இவருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் உண்டு. போன தடவை டாக்டர், ஈரலுக்குள் ரத்த ஓட்டம் சீராக இருக்கிறது என்றார். மருந்து என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டால் இப்போதெல்லாம் காலையில் குடிக்கிற வெந்தயத் தண்ணீர் வரைக்கும் ஒன்று விடாமல் ஒப்பிக்கிறேன்.

அன்று என் மனசு நோகக் கூடாது, நான்கு பேர் முன்னால் எனக்கு அவமானம் வரக் கூடாது என்று அந்த அம்மா மரியாதையாக வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், அன்பு செலுத்துகிறோம் என்று நம்பிக்கொண்டே கடைசி டம்ளரையும் நான்தான் என் கையால் ஆற்றிக் கொடுத்திருப்பேன்.